சிம்பா மேட்டுக்கு மூன்று சைக்கிள்

1936 மார்ச் 7, சனி

ரயில் டிரைவர் பரீட்சைக்கு என் பெயர் வந்துவிட்டது! இத்தனை வருஷம் எஞ்சினில் விறகும் கரியும் அள்ளிப் போட்டவனுக்கு இப்போதுதான் வழி விட்டிருக்கிறார்கள். மே மாதம் கண் பரிசோதனை. அதில் தேறிவிட்டால் மற்றதெல்லாம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. கண்ணுக்கென்ன குறை? கிள்ளான் லைனில் சிக்னல் இறங்குவதை டிரைவருக்கு முன்பே பார்த்துச் சொல்கிறவன் நான்.

தனலெட்சுமியிடம் சொன்னதும் சிரித்தாள். "டிரைவர் கோட்டர்ஸ்ல தனிக் குழா இருக்காமே?" பிரிக்பீல்ட்ஸில் எங்கள் வரிசை வீடுகளுக்கெல்லாம் ஒரே குழாய். கலியாணமாகி வந்த நாள் முதல் அங்கே குடத்தோடு நிற்கிறாள், பாவம்.

மார்ச் 14

கன்னையா சும்மா இருக்கமாட்டான். அவனும் என்னைப் போல பயர்மேன்தான், ஆனால் வாய் பத்து ஆளுக்கு இருக்கிறது. பெரிய வெள்ளி லீவுக்கு சைக்கிளில் மலை தாண்டிப் பெந்தோங் போய் வருவோம் என்கிறான். செத்தாப்பாக், ஈய லம்பக் குட்டைகள், கோம்பாக் காடு, அப்புறம் சிம்பா மேடு. செந்தூல் ரயில் பட்டறைப் பயல்கள் போன வருஷம் பாதி மலையில் திரும்பி வந்தவர்கள். "நாம போய்க் காட்டணும்லா லிங்கம்!"

ஸ்டேஷன் ஆபீஸ் கிளார்க் சிவசம்புவும் வருகிறார். யாழ்ப்பாணத்துக்காரர், எதையும் நிறுத்தி நிதானமாகச் செய்கிறவர். "ஓம், நானும் வாறன். ஆனா முதல்ல பிறேக்கைப் பாருங்கோ," என்றார்.

மார்ச் 17

தனத்திடம் இன்னும் சொல்லவில்லை.

மார்ச் 22, ஞாயிறு

அம்பாங் வரை ஓட்டிப் பார்த்தோம். லம்பக் குட்டையோர இறக்கத்தில் கன்னையாவின் பிரேக் கட்டை கழன்று விழுந்தது. காலைத் தரையில் தேய்த்துக்கொண்டே போய்த் தண்ணீருக்கு இரண்டு முழம் இப்பால் நின்றான். ஈயம் தோண்டிய பள்ளம், பச்சைத் தண்ணீர், அடி எங்கே என்று யாருக்கும் தெரியாது. போன மாதம் ஒருவன் குளிக்க இறங்கினானாம். துணி மட்டும் கரையில் கிடந்ததாம்.

கன்னையா சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மார்ச் 29

மலை ரோட்டில், பதினெட்டாம் மைல் கட்டையில் ரோட்டு வேலைக்காரன் ஒருவனைப் புலி அடித்துவிட்டது. அதுவும் பட்டப்பகலில். பாசார் முழுக்க அதே பேச்சு. "மூணு பேர் மணியடிச்சிக்கிட்டுப் போனா புலி ஓடிறும்டா," என்கிறான் கன்னையா. நானும் ஏன் தலையாட்டினேன்? பயந்தாங்கொள்ளி என்று யார்டு முழுக்கச் சொல்வான், அதற்குத்தானே? வேறென்ன.

ஏப்ரல் 4

தனம் பாசாரில் கேள்விப்பட்டு வந்துவிட்டாள். "பரீட்சை முடிஞ்சு போனா மலை எங்கயாச்சும் ஓடிப்போயிருமா? கைகால் ஒடிஞ்சா யாரு உங்கள எஞ்சின்ல ஏத்துவா?"

நியாயமான கேள்வி. அதனால்தான் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "கெளம்பப் போற நேரத்துல அபசகுனமாப் பேசாத, வாயை மூடு"ன்னு கத்திட்டேன். சோற்றை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டாள். அவள் சாப்பிட்டாளா தெரியவில்லை.

ஏப்ரல் 10, பெரிய வெள்ளி, பெந்தோங்

வந்து சேர்ந்தோம்! கன்னையாவின் மச்சான் வீட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். தொடை இரண்டும் மரத்துப் போச்சு.

கோம்பாக் தாண்டியதும் வெளிச்சமே குறைந்துவிட்டது. சட்டைக்குள் அட்டை. பதினெட்டாம் கட்டையில் மணியை விடாமல் அடித்துக்கொண்டே போனோம். கொஞ்ச தூரம் புதர் எங்கள் கூடவே அசைந்து வந்தது. குரங்காக இருக்கும். குரங்கென்றே வைத்துக்கொள்வோம்.

மேடு தொடங்குகிற இடத்தில், ஆற்றோரம், ரோட்டு ஆட்கள் நட்ட முனியாண்டி கல் இருக்கிறது. லோரிக்காரர்கள் அங்கே வண்டிக்குப் பூசை போட்டுத்தான் ஏறுவார்கள். எலுமிச்சை, சூடம், திருநீறு எல்லாம் கொண்டுவந்த கன்னையா மாவிலையை மறந்துவிட்டான். மாவிலை கட்டாமல் மேடு ஏறமாட்டேன் என்று ஒரே பிடிவாதம். ஆற்றங்கரையிலேயே ஒரு காட்டு மாமரம் நின்றது. மூவரில் நான்தான் உயரம், நானே ஏறினேன். கொப்பை ஒடித்ததும் பால் முகத்தில் தெறித்தது. சற்று நேரத்தில் கறுத்துப் பிசுபிசுத்தது. மாம்பால் படாதவனா நான்? சட்டையில் துடைத்துக்கொண்டேன். அந்த ஏற்றத்தில் வேர்வை கண்ணில் இறங்க இறங்கக் கையாலும் சட்டையாலும் தேய்த்துக்கொண்டே போனேன்.

இறக்கம் பயங்கரம். ஆனால் யாரும் விழவில்லை, புலியும் வரவில்லை. இதற்கா இத்தனை நாள் தூக்கம் கெட்டேன்! முகம் மட்டும் அரிக்கிறது. கொசுக்கடியாக இருக்கும்.

ஏப்ரல் 11

முகம் வீங்கிவிட்டது. என்னை லோரியில் ஏற்றி வீட்டில் விட்டார்கள்.

ஏப்ரல் 13, சித்திரை ஒண்ணு

வலக்கண் ஒட்டிக்கொண்டது. இடக்கண்ணை விரலால் பிரித்து எழுதுகிறேன். உடம்பெல்லாம் கொப்புளம், காய்ச்சல். பக்கத்து வீட்டு நல்லம்மாள் வாசலில் நின்றே பார்த்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "ஆத்தா வந்திருக்கா. ஆஸ்பத்திரின்னு வாயாலகூடச் சொல்லாதீங்க, கோவிச்சுக்குவா."

வாசலில் வேப்பிலை செருகியாகிவிட்டது. குளிக்கக் கூடாது, துணி மாற்றக் கூடாது, மருந்து கூடாது. மலை ஏறிய சட்டையோடு கிடக்கிறேன். சானிடரிக்காரன் கேள்விப்பட்டால் அம்மைக் கொட்டகைக்கு இழுத்துப் போவான் என்று தனம் கதவைச் சாத்தியே வைத்திருக்கிறாள். இன்று வருஷப் பிறப்பு. வீட்டில் அடுப்பு எரியவில்லை.

ஏப்ரல் 15

எரியுது. தாயே, கண்ணை மட்டும் விட்டுடு.

ஏப்ரல் 27, ஆஸ்பத்திரி

கடைசியில் சிவசம்புதான் வந்து, நல்லம்மாளோடு சண்டை போட்டு, என்னை ரிக்‌ஷாவில் தூக்கிப் போட்டுக்கொண்டு வந்தார். மருந்து கட்டுகிற டிரெசர் அந்தோனிப்பிள்ளை சட்டையிலிருந்த கறுப்புக் கறையைப் பார்த்தார். "எந்த மரத்தில ஏறினீர்?" என்றார்.

அது மாமரமே இல்லை. ரெங்காஸ் என்ற காட்டு மரம். இலை மட்டும் மாவிலை மாதிரி. மலாய்க்காரர்கள் அதன் அடியில்கூட ஒதுங்க மாட்டார்களாம். "அண்டைக்கே கழுவி, உடுப்பை மாத்தியிருந்தா தோலோட போயிருக்கும்," என்றார்.

அம்மையே இல்லை! அம்மை இல்லாத வீட்டில் வேப்பிலை கட்டிக்கொண்டு கண்ணைப் பறிகொடுத்திருக்கிறேன். தனம் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு, "நான் மாத்தியிருக்கணும், நான் மாத்தியிருக்கணும்" என்று அழுகிறாள். மரத்தில் ஏறினவன் நான், அவள் என்ன செய்வாள்?

வலக்கண்ணில் வெறும் புகை. பார்ப்பவர்களுக்கு ஒன்றும் தெரியாது. இடக்கண்ணில் பகல் வெளிச்சத்தில் ஓரளவு தெரிகிறது. விளக்கைப் பார்த்தால்தான் கலங்கி, சிவப்பும் பச்சையும் ஒன்றாகக் கரைந்துவிடுகிறது.

மே 9

கன்னையா தினமும் வீட்டுக்கு வருகிறான். பரிசோதனை அறையில் தொங்கும் எழுத்துப் பலகை வருஷக்கணக்காக அதே பலகைதானாம். வரிவரியாகப் பார்த்து வந்து, பள்ளிக்கூடப் பிள்ளைக்குப் போல எனக்கு ஒப்பிக்கச் சொல்லித் தருகிறான். அந்த மாவிலை அவனையும் தூங்கவிடவில்லை போல.

தனம் அடுப்பங்கரையிலிருந்து கேட்டுக்கொண்டே இருந்தாள். அவன் போனபிறகு, "எனக்குக் குழா வேணாங்க," என்றாள். நான் முதல் வரியிலிருந்து மறுபடி ஒப்பிக்கத் தொடங்கினேன்.

மே 18, திங்கள்

தேறிவிட்டேன்.

இடக்கண்ணை மூடச் சொன்னபோது எனக்குச் சுவரே தெரியவில்லை. கடகடவென்று ஒப்பித்தேன். நிறப் பரிசோதனைக்கு நூல்கண்டு பொறுக்குவது ஜன்னல் வெளிச்சத்தில், இரண்டு கண்ணும் திறந்து. அதைச் சமாளித்தேன். துரை முதுகில் தட்டி, குட் என்றார்.

ஜூன் 20

டிரைவராகிவிட்டேன். கன்னையாவைக் கேட்டு வாங்கி என் பயர்மேனாகப் போட்டுக்கொண்டேன். அவன் தலையை வெளியே நீட்டி, "பச்சைடா," "செவப்புடா" என்று கூப்பிடுவான். நான் எஞ்சின் பிடியை நகர்த்துவேன். வேறு பேச்சு எங்களுக்குள் இல்லை. அத்தனை வாயும் எங்கே போனதோ அவனுக்கு.

ஜூலை 23, வியாழன்

சாயங்காலம் கிள்ளான் கூட்ஸ் எனக்கு. கன்னையாவுக்குக் காய்ச்சல், வரமாட்டானாம். அவனுக்குப் பதிலாக ஒரு புதுப் பையனைப் போட்டிருக்கிறார்கள். சிக்னலைப் பார்த்துச் சொல்லு என்று அவனிடம் எப்படிச் சொல்வது? ஏன் என்று கேட்டால்?

மழை பிடித்துக்கொண்டது. வழியில் ஒரு சிவப்பில் நான் நின்றாக வேண்டும். அதற்கு அப்பால் ஒற்றை லைன், எதிரே பாசஞ்சர் வரும். சனங்கள் நிறைந்த வண்டி.

உடம்பு சரியில்லை என்று சொல்லிவிடலாமா? சொன்னால் ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள். அனுப்பினால் கண்ணையும் பார்ப்பார்கள். பார்த்தால் எல்லாம் போச்சு.

தனம் சாப்பாட்டுத் தூக்கை வாசலில் வைத்துவிட்டு என் முகத்தையே பார்க்கிறாள். யார்டிலிருந்து ஆள் வந்து கூப்பிடுகிறான். சட்டையைப் போட்டுக்கொண்டு தூக்கை எடுத்தேன்.