மறுபூசை ஆகாத லைசென்ஸ்

எடமலைப்பட்டி புதூர்,
திருச்சி.
3-11-1985

அன்பு மகன் மதுரைவீரனுக்கு,

அப்பா ரத்தினவேல் எழுதிக்கொள்வது. இங்கே நானும் அம்மாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். பஞ்சாப் குளிரில் நீயும் உன்னோடு சி.ஆர்.பி.எஃப்பில் இருக்கிற பிள்ளைகளும் நல்லபடியாக இருக்க நம் குலசாமி காவல் நிற்கட்டும். நலம் விசாரித்தாயிற்று, இனிமேல் எழுதுவதெல்லாம் கோபத்தில் எழுதுவது, டியூட்டி முடிந்து சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்து படி.

வெள்ளிக்கிழமை உன் கடிதம் வந்தது. கேஸ் கீஸ் என்று அலையாமல் குற்றத்தை ஒத்துக்கொண்டு அபராதத்தைக் கட்டிவிட்டு வாருங்கள், ரோட்டில் டியூட்டி பார்க்கிறவனுக்குத்தான் அதன் கஷ்டம் தெரியும் என்று எழுதியிருக்கிறாய். படித்ததும் கடிதத்தை மடித்துப் பட்டறை லேத் மேல் வைத்துவிட்டு வெளியே போய் நின்றேன். அம்மா உனக்கு எழுதிய இன்லண்டில் அப்பாவைப் போலீஸ் பிடித்துவிட்டது, கோர்ட்டுக்குப் போகணுமாம் என்று மட்டும் எழுதியிருப்பாள். எதற்குப் பிடித்தான் என்று நீயும் கேட்கவில்லை. கேட்காமலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டாய். நடந்ததை இப்போது நான் சொல்கிறேன், கேட்டுவிட்டு அப்புறம் எனக்குப் புத்தி சொல்.

ஆயுத பூசை அன்று வழக்கம்போல பட்டறையைக் கழுவி, லேத்துக்குச் சந்தனம் வைத்து, மண்ணெண்ணெயில் துடைத்த ஸ்பானர், வெர்னியர் எல்லாவற்றையும் இலையில் பரப்பி, பழைய லேண்ட்மாஸ்டர் காருக்கு மாலை போட்டுப் பூசை முடித்தோம். நம் வீட்டு வழக்கம் உனக்குத் தெரியும், நீ பள்ளிக்கூடப் புத்தகத்தை வைத்த அதே மணையில் வண்டியின் ஆர்.சி. புத்தகத்தையும் என் லைசென்ஸையும் சரஸ்வதி படத்துக்கு முன்னால் வைத்து மஞ்சள் துணி போட்டுவிடுவாள் உன் அம்மா. மறுநாள் மறுபூசை ஆகிற வரைக்கும் யாரும் தொடக்கூடாது. வண்டி சக்கரத்தில் எலுமிச்சம்பழம் நசுக்கி ஒரு சுற்றுப் போய்வரலாம், காகிதத்தைத் தொட்டால்தான் சரஸ்வதி கோபித்துக்கொள்வாள். இத்தனை வருஷத்தில் ஒரு தடவையும் இதனால் வம்பு வந்தது கிடையாது. அன்றும் பொரியும் சுண்டலும் தூக்குவாளியில் எடுத்துக்கொண்டு, ஸ்ரீரங்கத்தில் இருக்கிற உன் அத்தை வீராயிக்குக் கொடுத்துவிட்டு வரலாம் என்று போனேன்.

போன இடத்தில் அத்தை மகள் பொன்னுத்தாயிக்கு இடுப்புவலி கண்டுவிட்டது. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்த பெண், நாள் இன்னும் இருக்கிறது என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தார்கள். அவள் புருஷன் நெய்வேலியில் இருக்கிறான், வீட்டில் ஆம்பிளை கிடையாது. பின் சீட்டில் அவளைப் படுக்கவைத்து, அத்தை மடியில் தலையை வைத்துக்கொள்ள, பெரிய ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினேன். காவேரிப் பாலத்து முனையில் கையைக் காட்டினான் ஒரு சப்-இன்ஸ்பெக்டர். நிறுத்தினேன். நன்றாகக் கேட்டுக்கொள், நிறுத்தினேன். லைசென்ஸ் எடு என்றான். சார், பூசையில இருக்குங்க, நாளைக்கு மறுபூசை ஆனதும் நீங்க சொல்ற ஸ்டேஷன்ல கொண்டாந்து காட்டிடுறேன், புள்ளைக்கு வலி வந்துருச்சுங்க, முதல்ல ஆஸ்பத்திரியில விட்டுடுறேன், வேணும்னா நீங்களும் கூட ஏறிக்குங்க என்று எவ்வளவு தணிவாகச் சொல்லலாமோ அவ்வளவு தணிவாகச் சொன்னேன். அப்ப சாமியையே வந்து வண்டிய ஓட்டச் சொல்லுய்யா என்று சொல்லி ஜன்னல் வழியாகக் கையை விட்டுச் சாவியைப் பிடுங்கிக்கொண்டான். கூட நின்ற கான்ஸ்டபிள் சிரித்தான். அவர்களுடைய ஜீப்பு பக்கத்திலேயே நிற்கிறது, அதற்கு நெற்றியில் சந்தனப் பொட்டு, பம்பரில் இரண்டு வாழைக்கன்று. பூசை என்றால் என்னவென்று தெரியாத ஊர்க்காரன் இல்லை அவன்.

கீழே இறங்கு என்றான், இறங்கினேன். தோளில் கிடந்த துண்டை எடு என்றான், எடுத்தேன். எதற்கு எடுக்கவேண்டும், எந்தச் சட்டத்தில் இருக்கிறது என்று இன்றுவரைக்கும் எனக்குத் தெரியவில்லை, ஆனால் எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கும்பிட்டுக்கொண்டு நின்றேன். பொன்னுத்தாயி உள்ளே பல்லைக் கடித்துக்கொண்டு அலறுகிறாள். உன் அத்தை இறங்கி வந்து, சாமி, உன்னையப் பெத்தவளும் இப்படித்தாம்பா கத்தியிருப்பா, விட்ருப்பா என்று அவன் காலில் விழப் போனாள். நடிப்பு என்றான். வீரா, அந்த வார்த்தையை என்னால் மறக்க முடியவில்லை. அந்த நேரம் ஸ்ரீரங்கத்திலிருந்து வந்த டவுன் பஸ்ஸின் டிரைவர் கூச்சலைக் கேட்டு நிறுத்தினார். கண்டக்டரும் நாலு பெண்களுமாகப் பிள்ளையைத் தூக்கி நீள சீட்டில் படுக்கவைத்தார்கள். எந்த ஸ்டாப்பிலும் நிற்காமல் பஸ் நேராக ஆஸ்பத்திரிக்குப் போயிற்றாம், பஸ்ஸில் இருந்த ஒருவரும் என் ஸ்டாப்பு போச்சே என்று வாய் திறக்கவில்லையாம். பெண் குழந்தை பிறந்தது. தாயும் பிள்ளையும் சுகம். கொஞ்சம் தாமதித்திருந்தால் இரண்டில் ஒன்றுதான் மிஞ்சியிருக்கும் என்று டாக்டரம்மா திட்டினாராம், அதுவும் உன் அத்தையைத்தான் திட்டினாராம். அத்தை இப்போது பேத்தியை பஸ்ஸம்மா என்று கூப்பிடுகிறாள், பொன்னுத்தாயிக்குக் கோபம் வருகிறது.

மறுநாள் விடிந்ததும் உன் அம்மா மறுபூசை செய்து, மஞ்சள் துணியை எடுத்து, லைசென்ஸையும் ஆர்.சி.யையும் என் கையில் கொடுத்தாள். நேராக ஸ்டேஷனுக்குப் போனேன். என் வண்டி மழையில் நனைந்துகொண்டு அங்கே நிற்கிறது, போட்ட மாலையை ஆடு தின்றிருக்கிறது. ஏட்டையாவிடம் லைசென்ஸைக் காட்டி, இதைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள் என்றேன். அவர் என்ன சொன்னார் தெரியுமா, இன்னும் எங்களுக்கு மறுபூசை ஆகலைங்க, ரெஜிஸ்டரைத் தொடக்கூடாது, சாயங்காலமா வாங்க என்றார். மூலையில் பார்க்கிறேன், லத்தியும் துப்பாக்கியும் ஸ்டேஷன் புத்தகங்களும் குங்குமம் வைத்து அடுக்கியிருக்கிறது, முன்னால் இலையில் பொரிகடலை. உங்க புத்தகத்தைத் தொட்டா தெய்வக் குத்தம், என் புத்தகத்தைத் தொடாட்டி கேஸா என்று கேட்டுவிட்டேன். பெரியவரே, வெளியில போறீங்களா என்றார். சாயங்காலம் போனால் லைசென்ஸை இங்கே வைத்துவிட்டுப் போங்கள் என்கிறார்கள், ரசீது கேட்டால் தரமாட்டேன் என்கிறார்கள். வைக்காமல் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அப்புறம் கோர்ட்டுக்கு வந்த கேஸில் அந்த சப்-இன்ஸ்பெக்டர் என்ன எழுதியிருக்கிறான் என்றால், லைசென்ஸ் இல்லாமல் வண்டி ஓட்டினேனாம், கையைக் காட்டியும் நிறுத்தாமல் போக, ஜீப்பில் துரத்திப் பிடித்தார்களாம். நிறுத்தாமல் போனவன் வண்டியிலிருந்து பாலத்து முனையில் பிள்ளையை எப்படியடா பஸ்ஸுக்குத் தூக்கினார்கள்.

வக்கீல் இருதயநாதனைப் பார்த்தேன், அவர் வீட்டு மோட்டார் பம்புக்கு நான்தான் ஷாஃப்ட் கடைந்து கொடுத்தது. அவர் விவரமாகச் சொன்னார். யூனிஃபார்மில் இருக்கிற போலீஸ்காரர் கேட்டால் லைசென்ஸைக் காட்டத்தான் வேண்டும், அதில் பேச்சில்லை. ஆனால் சொந்த வண்டியைத் தானே ஓட்டுகிறவன் கையில் அந்த நேரம் இல்லையென்றால், இன்ன ஸ்டேஷனில் காட்டுகிறேன் என்று சொல்லி, கெடுவுக்குள் கொண்டுபோய்க் காட்டினால் போதும் என்று சட்டத்திலேயே இருக்கிறதாம். லாரிக்காரர், டாக்சிக்காரருக்குத்தான் அந்த வழி இல்லையாம். லைசென்ஸை வாங்கி வைத்துக்கொள்ளவேண்டிய நிலை வந்தாலும் அதற்கு ரசீது கொடுத்தாகவேண்டுமாம். இதெல்லாம் ஏதோ வெள்ளைக்காரன் நாட்டுச் சட்டம் இல்லை, நம் நாட்டில் நான் பிறந்த காலத்தையொட்டிப் போட்ட சட்டம். அது தெரியாமல்தான் துண்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பிச்சைக்காரனாட்டம் நின்றிருக்கிறேன்.

வருகிற பதினெட்டாம் தேதி கோர்ட்டில் என்னைக் கேட்பார்கள். குற்றவாளி இல்லை என்று சொல்லப்போகிறேன். உன் அம்மா அழுகிறாள். போலீஸ்ல வேலை பாக்குற புள்ளைய வச்சிக்கிட்டுப் போலீஸ் மேலயே கேஸ் நடத்துனா அவன் வேலைக்கு ஆபத்து வராதா என்கிறாள். பட்டறைக்கு வருகிற பார்ட்டிகள் எல்லோரும், கட்டிட்டுப் போங்கண்ணே, யானைகிட்ட முட்டிக்கிட்டா யாருக்கு நஷ்டம் என்கிறார்கள். ஒத்துக்கொண்டால் அரை நாளில் வீட்டுக்கு வந்துவிடலாம், அது எனக்கும் தெரியும். ஆனால் ஒத்துக்கொண்டால் லைசென்ஸ் இல்லாத திருட்டு டிரைவர், நிறுத்தாமல் ஓடினவன் என்று உன் அப்பன் பேரில் அரசாங்கம் எழுதி வைத்துக்கொள்ளும், பொன்னுத்தாயி கத்தினது நடிப்பு என்றும் ஆகிவிடும். அதற்கு நான் கையெழுத்துப் போடமாட்டேன். அத்தை சாட்சி சொல்ல வருகிறாள், அந்த பஸ் டிரைவரும் லீவு போட்டுவிட்டு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார், அவர் பேர் சவரிராயன், காட்டூர்க்காரர். முன்பின் தெரியாத மனுஷன் வருகிறார். பெற்ற பிள்ளை ஒத்துக்கொள்ளச் சொல்கிறாய்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்த சப்-இன்ஸ்பெக்டருக்கு உன் வயதுதான் இருக்கும், உன்னைப் போலவே ஒட்ட வெட்டின கிராப்பு, உன்னைப் போலவே வெயிலில் நின்று கறுத்த கழுத்து. அவன் யோவ் என்றபோது எனக்கு முதலில் உன் ஞாபகம்தான் வந்தது, பாவம், இவனும் சாப்பிட்டானோ இல்லையோ என்று நினைத்தேன். வெள்ளிக்கிழமை உன் கடிதத்தைப் படித்தபோது அந்தப் பையனே எனக்கு எழுதினது மாதிரி இருந்தது. நீயும் இப்போது அங்கே ரோட்டில் நின்று வண்டிகளை நிறுத்துகிறாய். உங்கள் ஊர் நிலவரம் பேப்பரில் படிக்கிறேன், பார்க்காமல் விடு என்று சொல்ல நான் முட்டாள் இல்லை, சீட்டுக்கு அடியில் பார், டிக்கியைத் திறந்து பார். ஆனால் ஒன்றே ஒன்று எனக்கு நீ மறைக்காமல் எழுதவேண்டும். என் வயதில் ஒரு சர்தார் வண்டியை நிறுத்தி, பின் சீட்டில் மகள் துடிக்கிறாள் என்று சொன்னால் நீ என்ன செய்கிறாய். அவர் பாஷை உனக்குப் புரியாது, சரி. கத்துவது புரியுமே. அவர் தலைப்பாகையை எடுக்கச் சொல்வாயா.

இதற்குப் பதில் வராமல் வேறு எதையும் எழுதாதே. தீபாவளிக்கு லீவு இல்லை என்று எழுதியிருந்தாய், அம்மா அதிரசம் பார்சல் அனுப்பியிருக்கிறாள், கூட நிற்கிற பிள்ளைகளுக்கும் கொடு. பாதத்து வெடிப்புக்கு விளக்கெண்ணெய் தடவு, சும்மா விட்டால் பூட்ஸ் போட முடியாது. பஸ்ஸம்மாவுக்கு முப்பதாம் நாள் பேர் வைக்கிறார்கள், பொன்னுத்தாயிக்குத் தாய்மாமன் வீடு நம் வீடுதான், அந்த முறைக்கு நீதான் கொலுசு போடவேண்டும், வரமுடியாவிட்டால் உன் பேரைச் சொல்லி நான் போடுகிறேன். குண்டு, துப்பாக்கி எதுவும் உன் பக்கம் திரும்பாமல் மதுரைவீரசாமி உன் கூடவே நிற்கட்டும், நீண்ட ஆயுளோடு இரு.

இப்படிக்கு,
கையைக் காட்டியதும் வண்டியை நிறுத்திய,
லைசென்ஸ் உள்ள உன் அப்பா,
ரத்தினவேல்