தூக்கிய கை

ஜூன் 4

பள்ளிச் சமையலுக்கு வரும் பீன்ஸ் லாரி இன்றும் வரவில்லை. டவுனிலிருந்து அறுபது கிலோமீட்டர். பாதி வழியில் அச்சு முறிந்து கிடக்கிறதாம். பள்ளிக்கூடத்து நூற்று நாற்பது பிள்ளைகளுக்கும் வெறும் சோளக்களியைக் கிண்டிப் போட்டேன். ஒரு குட்டி தட்டை நீட்டிக்கொண்டு, "லொராட்டோ அம்மா, குழம்பு எங்க?" என்றது. ரோட்டுல கிடக்கு, போய் நக்கிட்டு வா என்று வாய்வரை வந்தது. பாவம், அது என்ன செய்யும்.

மகள் லொராட்டோ தன் கணக்கு நோட்டை எனக்குக் கொடுத்துவிட்டாள். பதினாறு பக்கம்தான் எழுதியிருக்கிறாள். கணக்கு வாத்தியார் மார்ச்சிலேயே ஓடிவிட்டார். அவர் காரின் சைலன்சர் எங்கள் ரோட்டில்தான் விழுந்தது. மீதிப் பக்கங்கள் என் புலம்பலுக்கு. பன்னிரண்டாம் வகுப்பில் கணக்கே நடத்தாமல், என் மகள் நர்ஸ் ஆகப்போகிறாளாம்.

ஜூன் 7

ஊர்க்கூட்டம். போராட்டக் குழுத் தலைவர் மொகொரோசி அண்ணன், தார் ரோடு கேட்டு ஆறு வருஷமாக எழுதிய மனுக்களையும் வந்த பதில்களையும் படித்தார். எல்லாப் பதிலும் ஒன்றுதான்: தங்கள் மனு பரிசீலனையில் உள்ளது. போன வருஷம் பன்னிரண்டாவது எழுதிய பதினொரு பேரில் இரண்டு பேர்தான் தேறினார்கள். அதற்கும் ஒரு கடிதம் வந்திருந்தது: பெற்றோரின் அக்கறை போதாது.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ரோட்டை மறிப்போம் என்றார்கள் சிலர். கையைத் தூக்கினேன். "ரோட்ட மட்டும் மறிச்சா போலீஸ்தான் வரும். பள்ளிக்கூடத்தையும் சேத்து மூடுங்க, மந்திரி ஓடி வருவாரு."

பிறகு ஒவ்வொரு கையாக எழுந்தது. ரோடு வரும்வரை ஒரு பிள்ளையும் பள்ளிக்குப் போகாது என்று முடிவாயிற்று.

வீட்டில் லொராட்டோ துணி மடித்துக்கொண்டிருந்தாள். "எத்தன நாளும்மா?" என்றாள். "ரெண்டு வாரம்டி. அதுக்குள்ள பயந்துருவாங்க."

ஜூன் 26

மூன்று வாரம் முடியப் போகிறது. ரோட்டுக்குக் குறுக்கே கல், முள்மரக் கிளை, பழைய டயர். நடுக் குளிர்காலம், குளிர் எலும்பைத் தின்கிறது. டயர் நெருப்பில் குளிர் காய்ந்துகொண்டே பக்கத்து வீட்டுச் சேபாட்டி அக்கா, "இந்த ரோட்டுல வர்றதே நாலு வண்டி. அதுல ரெண்டு கழுதை வண்டி. நாம யாரடி மறிக்கிறோம்?" என்றாள். சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது. டயர் புகையும்தான்.

மதியம் போலீஸ் வந்து ரப்பர் குண்டு சுட்டது. சேபாட்டி அக்காவின் தொடையில் ஒன்று. நீலமாக வீங்கியிருக்கிறது. ஆம்புலன்ஸ் கூப்பிட்டோம். ரோட்டில் மறியல் நடப்பதால் வர முடியாதாம். மறியல் இல்லாதபோது மட்டும் வந்து கிழித்தது போல.

ஜூலை 18

மந்திரி வந்தார். சொன்னேன் அல்லவா? ஆனால் ரோட்டு வழியாக இல்லை. ஹெலிகாப்டரில் வந்தார். புழுதி அடங்கவே கால் மணி நேரம். "ரோடு வேற துறைங்க, பள்ளிக்கூடம்தான் என் துறை. பிள்ளைங்கள முதல்ல அனுப்புங்க, ரோட்டுக்கு நான் சொல்லி வைக்கிறேன்" என்றார். மொகொரோசி அண்ணன், "எங்க ரோட்டு வழியா ஒருதரம் கார்ல போய்ப் பாருங்கய்யா" என்றார். நேரம் இல்லையாம். மேலேறிப் போய்விட்டார்.

ஆகஸ்ட் 20

லொராட்டோ இப்போதெல்லாம் எத்தனை நாள் என்று கேட்பதில்லை.

செப்டம்பர் 11

அரசாங்கம் புதிதாக ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறது. பன்னிரண்டாவது பிள்ளைகளை மட்டும் பஸ்ஸில் ஏற்றி, டவுனில் தங்கவைத்துப் பாடம் நடத்தப் போகிறார்களாம். தாய் தகப்பன் கையெழுத்து வேண்டும். ஊரைப் பிரிக்கப் பார்க்கிறார்கள், ஒருத்தரும் போடக்கூடாது என்று குழு சொல்லிவிட்டது.

லொராட்டோ படிவத்தை மேசையில் வைத்தாள். பேனாவையும் வைத்தாள்.

"எல்லாரு முன்னாடியும் நான்தானடி சொன்னேன். நானே போட்டா எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு ரோட்டுல போய் உக்காருவேன்?"

"நீ கையத் தூக்கினப்ப என்னைக் கேட்டியாம்மா?"

படிவத்தை மடித்துச் சர்க்கரை டப்பாவுக்கு அடியில் வைத்தேன். கிழித்துப் போடவும் மனசு வரவில்லை. கையெழுத்துப் போடவும் முடியவில்லை.

செப்டம்பர் 30

மொகொரோசி அண்ணன் மகன் ககிசோவும் பன்னிரண்டாவதுதான். பல் வைத்தியத்துக்குக் கிம்பர்லி நகரத்தில் சித்தி வீட்டுக்குப் போயிருக்கிறான். ஜூலையிலிருந்து. இன்று சேபாட்டி அக்கா நொண்டிக்கொண்டே வந்து சொன்னாள்: "பல்லும் இல்ல, சொல்லும் இல்ல. அங்க ஒரு பள்ளிக்கூடத்துல சேந்துட்டான். யூனிஃபார்மோட போட்டோ வந்திருக்கு. என் மருமக போன்ல பாத்தேன்."

நேரே அவரிடம் போனேன். "அண்ணே, எத்தனாவது பல்லுக்கு வைத்தியம் நடக்குது?" என்றேன். தலையைக் குனிந்துகொண்டு நெருப்பைக் கிளறினார். "ஒத்தப் பிள்ளைம்மா எனக்கு."

எனக்கு மட்டும் ஒம்பதா?

அக்டோபர் 1

விடிந்ததும் படிவத்தில் கையெழுத்துப் போட்டு எடுத்துக்கொண்டு ஓடினேன். தலைமை ஆசிரியை மோட்சுமி டீச்சர் அதை வாங்கவே இல்லை. "போன வெள்ளிக்கிழமையோட பட்டியல மூடிட்டாங்கம்மா. மூணு பேர் போயிருக்காங்க. எல்லாரும் ராத்திரியோட ராத்திரியா வந்து கொடுத்தாங்க."

மூன்று பேர்! நான் ரோட்டில் கல்லுக்குக் காவல் இருந்திருக்கிறேன். பாவி நான், ஒரு நாள் முன்னாடி இதைக் கொண்டு வந்திருக்கக் கூடாதா. ஒரு வாரம் முன்னாடி. டீச்சர் கால்ல விழுந்திருப்பேனே.

அக்டோபர் 22

இன்று பரீட்சை ஆரம்பம். ஜூனிலிருந்து வகுப்புக்கு வராதவர்கள் எழுத முடியாது, அடுத்த வருஷம் திரும்பப் படிக்கலாம் என்று அரசாங்கக் கடிதம். லொராட்டோ காலையில் குளித்து யூனிஃபார்ம் போட்டுக்கொண்டாள். வாசலில் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு உள்ளே போய் மாற்றிக்கொண்டு வந்து பாத்திரம் தேய்த்தாள். நான் கோழிக்கு இரை போடுவதுபோல் கொல்லைப்பக்கமே நின்றேன்.

நவம்பர் 14

மறியல் முடிந்தது. "முதல் கட்டமாக" தார் போடுகிறார்களாம். டவுனிலிருந்து பதினெட்டு கிலோமீட்டர், இரும்புச் சுரங்கம் திரும்பும் இடம்வரை. இரண்டாம் கட்டம் எப்போது என்று கேட்டோம். பரிசீலனையில் உள்ளது.

ஜனவரி 4

ரேடியோவில் ரிசல்ட். எங்கள் பள்ளியில் மூன்று பேர் எழுதி ஒருவன் தேறியிருக்கிறான். மாகாணத்தில் தேர்ச்சி குறைந்ததற்குக் காரணம் சாலை மறியல்களே என்று அதிகாரி சொன்னார். அப்படியானால் அதற்கு முந்தின வருஷம் பதினொரு பேரில் இரண்டே பேர் தேறியபோது யார் மறித்தார்கள்? அதை ரேடியோவிடமே கேட்டேன். அது பாட்டுப் போட்டது.

ககிசோ தேறிவிட்டான். நல்லா இருக்கட்டும். அவன்மேல் எனக்கு என்ன கோபம்.

ஜனவரி 16

பள்ளி திறக்கும் நாள் என்று போனோம். கேட்டில் பூட்டு. தாள் ஒட்டியிருக்கிறது. இங்கேயும் அங்கேயும் போனது போக எண்பத்தொன்பது பிள்ளைகள்தான் பதிந்திருக்கிறார்களாம். இத்தனை குறைவான பிள்ளைகளுக்குத் தனிப் பள்ளி கட்டுப்படியாகாது. டவுன் பள்ளியோடு இணைக்கப்படுகிறது. மூடச் சொல்லிக் கைதூக்கினேன் அல்லவா, மூடிவிட்டார்கள். என் சமையல் வேலையும் அதோடு போயிற்று.

பிள்ளைகள் இனி அந்த ரோட்டிலேயே அறுபது கிலோமீட்டர் போக வேண்டும். விடுதியில் லொராட்டோவுக்கு இடமில்லை. வயது பத்தொன்பதாம், சின்னவர்களுக்குத்தான் முதலிடமாம்.

பிப்ரவரி 20

லொராட்டோவுக்குத் தார் போடும் கம்பெனியில் வேலை கிடைத்திருக்கிறது. ரோட்டோரத் தகரக் கொட்டகையில் தங்கல், மாதம் ஒருமுறை வீடு. "என்ன வேலைடி?" என்றேன். பையைக் கட்டிக்கொண்டே சொன்னாள், "வண்டிய நிறுத்தற வேலை. பன்னிரண்டாவதெல்லாம் வேண்டாமாம்மா. கையத் தூக்கத் தெரிஞ்சா போதுமாம்."

குத்தலாகச் சொன்னாளா, சும்மா சொன்னாளா? அவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. சோளக்களி பொட்டலம் கட்டிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டாள்.

ஏப்ரல் 9

சேபாட்டி அக்காவின் காலைக் காட்ட டவுன் ஆஸ்பத்திரிக்கு வேனில் போனோம். நாற்பது கிலோமீட்டர் குலுங்கி, சுரங்கம் திரும்பும் இடத்தில் வேன் நின்றது. முன்னால் பத்துப் பதினைந்து வண்டி. சுரங்க லாரிகள், அரசாங்க நம்பர் போட்ட ஒரு வெள்ளைக் கார். எல்லாவற்றுக்கும் முன்னால் ஆரஞ்சுச் சட்டை, முகத்தில் புழுதிக்குத் துணி, கையில் சிவப்புப் பலகை. நிற்கும் விதத்திலேயே தெரிந்துவிட்டது. இடுப்பை ஒரு பக்கம் சாய்த்து, அவள் அப்பா மாதிரி.

"நாம அஞ்சு மாசம் மறிச்சோம், ஒரு நாய் மதிக்கல. இங்க பாரு, ஒத்தப் பலகைக்குச் சர்க்கார் கார் நிக்குது," என்றாள் சேபாட்டி அக்கா. பிறகு யாரென்று அவளுக்கும் தெரிந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

எங்கள் வேன் டிரைவர் ஹாரன் அடித்தான். "எவ்வளவு நேரம்டி நிறுத்துவ?" என்று கத்தினான். அடிக்காதப்பா, அது என் பொண்ணு என்று சொன்னேன்.

அரைமணி நேரம் நின்றோம். பிறகு பலகையைத் திருப்பினாள். பச்சை. வேன் அவளைத் தாண்டும்போது ஜன்னல் கண்ணாடியை இறக்கினேன். என்னைப் பார்த்தாள். பேசக்கூடாதாம் வேலை நேரத்தில். போங்க என்று கையை மட்டும் ஆட்டினாள்.

ரோடு அங்கிருந்து நன்றாக இருந்தது.