விசில் எண்ணும் விளக்குகள்

முடிச்சூர்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் ஃபாயிசாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நானும் அம்மாவும் நலம். உன் நலத்துக்கு ஐந்து வேளையும் துஆ கேட்கிறோம். நலம் என்று எழுதியதில் ஒரு சிறு திருத்தம் உண்டு, இந்தக் கடிதமே அதற்காகத்தான். போன வாரம் போனில் நீ கேட்டாய், "அம்மாக்கு இன்னும் என்மேல கோவமா அத்தா? ஸலாம் சொல்றாங்க, உடனே போனை உங்ககிட்ட குடுத்துடறாங்க" என்று. உன்னை அவ்வளவு தூரம் அனுப்ப அவளுக்கு மனமில்லை. அதனால் நானும் கோபம் என்றுதான் நினைத்திருந்தேன். வியாழக்கிழமைதான் உண்மை தெரிந்தது. கோபமில்லை. கொஞ்சம் சுற்றி வந்துதான் சொல்ல முடியும், பொறுமையாகப் படி.

காலேஜில் படிக்கும்போது நீ வாங்கிச் சேர்த்த எலக்ட்ரானிக்ஸ் சாமான்களை ஒரு செருப்புப் பெட்டியில் போட்டு, மேலே சிவப்பு மார்க்கரில் 'அம்மா, தொடாதீங்க' என்று எழுதி அலமாரி மேல் வைத்துவிட்டுப் போனாய் அல்லவா. நோன்புப் பெருநாள் முடிந்த வாரம் அம்மா அதை இறக்கினாள். குக்கர் விசிலை எண்ண ஒரு மெஷின் செய்யப் போகிறேன் என்றாள். நான் சிரித்தேன். இப்போது அந்தச் சிரிப்பு நினைவுக்கு வந்தால் கூச்சமாக இருக்கிறது. ஐம்பத்திரண்டு வயது. பத்தாவது வரை படிப்பு. உன் பழைய லேப்டாப்பில் வீடியோ போட்டு, சத்தத்தை அணைத்து, கீழே ஓடும் எழுத்தை மட்டும் படித்தாள். என் மதியத் தூக்கம் கெடக்கூடாது என்று அப்படிச் செய்கிறாள் என நினைத்துக்கொண்டேன். அர்டுயினோ என்கிற அந்தக் குட்டிக் கம்ப்யூட்டர் போர்டில் எந்தக் கம்பி எந்த ஓட்டையில் என்று பால் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் படம் வரைந்து வைத்திருக்கிறாள். கோடுகள் அத்தனை நேர்த்தி. முப்பது வருடம் கூட வாழ்ந்தும் அவளுக்குப் படம் வரையத் தெரியும் என்பது எனக்குத் தெரியாது.

முதலில் மைக் வைத்தாள். நம் குக்கர் இரண்டு விசில்தான் விட்டிருந்தது, மெஷின் ஐந்து என்றது. பருப்பு பல்லில் நறநறத்தது. எதிர்வீட்டுத் தையல்நாயகி ஜன்னலில் நின்று, "இன்னாக்கா, என் குக்கரையும் சேத்து எண்ணிகினு கீதா உங்க பொட்டி? அப்ப சாம்பார்ல பாதி எனக்கு" என்றாள். நான் சிரித்தேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு அம்மாவும் சிரித்தாள். மறுநாள் மைக்கைப் பிடுங்கிவிட்டாள். குக்கர் வெயிட்டுக்கு ஒரு பக்கம் கண்ணுக்குத் தெரியாத ஒளியை விடும் சின்ன விளக்கு, மறுபக்கம் அதைப் பார்க்கும் சென்சார், இரண்டும் சூடு படாத தூரத்தில். வெயிட் எழும்பினால் ஒளி மறையும், அது ஒரு விசில். ஆனால் வெயிட் சும்மா எழும்புவதில்லை, குதிக்கிறது. ஒரே விசிலைப் பத்தொன்பது என்றது. மூன்று நாள் நோட்டும் லேப்டாப்புமாகவே இருந்தாள். நான்காம் நாள் ப்ரோகிராமில் ஒரு வரி சேர்த்தாள்: ஒன்று எண்ணியதும் எட்டு நொடி கண்ணை மூடிக்கொள். அவ்வளவுதான். சரியாகிவிட்டது. எனக்கு அந்த வரியை மிகவும் பிடித்திருக்கிறது.

ஒவ்வொரு முறையும் என்னைக் கேட்பாள், "உங்களுக்கு எத்தனை கேட்டுச்சு?" விசிலுக்கு ஒன்றாக எரிய மெஷினில் சிவப்பு விளக்குகளை வரிசையாக வைத்திருந்தாள்; நான் மூன்று என்றால் அதில் மூன்று எரிகிறதா என்று பார்த்துத் தலையாட்டுவாள். மெஷினைச் சோதிக்கிறாள் என்று நினைத்தேன். பெட்டியில் கீச்சென்று கத்தும் பஸ்ஸர் ஒன்று சும்மா கிடந்தது, அதையும் வைக்கலாமே என்றதற்கு, "இருக்கிற சத்தம் பத்தலையா" என்றாள். வியாழக்கிழமை கடையை அடைத்துவிட்டு மதியம் வந்தவன், ஆசையாக அந்த பஸ்ஸரைக் கையில் வைத்து பேட்டரியில் தொட்டேன். காதைக் கிழிக்கிற சத்தம். எதிர்வீட்டு ஜன்னலே திறந்தது. அம்மா எனக்கு முதுகைக் காட்டி வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை. கத்தி நிற்கவில்லை.

தோளைத் தொட்டேன். என் கையில் இருந்ததைப் பார்த்தாள். கத்தியைக் கீழே வைத்துவிட்டு, "என் காதுக்கு விசில் நின்னு ரெண்டு வருஷம் ஆச்சுங்க. உங்க குரல் இருக்கு. பாப்பா குரல்தான் போன்ல கிடைக்க மாட்டேங்குது" என்றாள். உன்னுடையது மெல்லிய கீச்சுக் குரல், ஃபாயிசா. உச்ச ஸ்தாயியில் இருக்கும் சத்தங்கள்தான் முதலில் போகுமாம். தப்பாகப் பதில் சொல்லி நீ கண்டுபிடித்துவிட்டால் அந்த ஊரில் தனியாக உட்கார்ந்து அழுவாய் என்று பயந்து போனை என்னிடம் தந்திருக்கிறாள். என்னிடமும் மறைத்தாள். அது எனக்கு வலிக்கிறது. ஆனாலும், போன ஒன்றைப் பற்றி யாரிடமும் புலம்பாமல் அதன் வேலையைக் கண்ணுக்கு மாற்றிக் கொடுத்தாளே, அதை நினைத்தால் வலியைவிட வியப்புதான் பெரிதாக இருக்கிறது.

செவ்வாய்க்கிழமை மேற்குத் தாம்பரத்தில் காது டாக்டரிடம் போகிறோம். வர மாட்டேன் என்றவள், உனக்கு எழுதிவிடுவேன் என்றதும் ஒப்புக்கொண்டாள். எழுதத்தான் போகிறேன் என்றும் சொல்லிவிட்டேன். நீ பதறி டிக்கெட் போடாதே. குளிரில் வெறும் தலையோடு வெளியே போகாதே. அல்லாஹ் உன்னை நல்லபடியாக வைக்கட்டும். ஒன்றை மட்டும் மறக்காதே, இனி அவளுக்கு எழுது. தினமும் இரண்டு வரி போதும், வாட்ஸப்பில் ஆனாலும் சரி. அவள் கேட்டதைவிட வேகமாகப் படிப்பாள்.

துஆவுடன்,
உன் அத்தா
அத்தாவுல்லா

கடிதத்தை அவளிடம் படிக்கக் கொடுத்தேன். கீழே இருப்பது அவள் எழுத்து.

பாப்பா, நீ தொடாதீங்கன்னு எழுதியிருந்த பெட்டியைத் தொட்டுட்டேன். கோவமா?