வாதாம் மரமும் வெயில் தகடும்

உ

அடையாறு,
சென்னை-20.
14-6-1975

என் செல்ல மகள் ஜெயபாரதிக்கு அம்மா ஆசையோடு எழுதுவது. நானும் அப்பாவும், உன் அண்ணன் மாணிக்கவாசகம் வீட்டாரும் திருச்செந்தூரான் தயவில் சுகமாக இருக்கிறோம். நீயும் அந்தத் தூர தேசத்தில் வேளாவேளைக்குச் சாப்பிட்டு, உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறாய் என்று நம்பித்தான் பேனாவை எடுத்திருக்கிறேன்.

தகடு வேலை செய்கிறதா இல்லையா என்று இரண்டு கடிதம் போட்டும் அப்பா பதிலே போடவில்லை என்று வருத்தப்பட்டிருந்தாய். அவருக்கு உன்மேல் கோபம் ஒன்றும் இல்லை. நடந்ததை எப்படி எழுதுவது என்று தெரியாமல் ஏர்மெயில் தாளை எடுப்பதும் மடித்து வைப்பதுமாக இருந்தார், அதனால் நானே எழுதுகிறேன். உங்கள் ஆராய்ச்சிக்கூடத்தில் கழித்துக் கட்டிய, வெயிலைக் கரண்ட் ஆக்கும் தகடு என்று நீ கொடுத்தனுப்பினாயே, அதை அவர் வாங்கி வைத்த அழகைப் பார்த்திருந்தால் நீ சிரித்திருப்பாய். கண்ணாடிக்குள் நீலம் நீலமாக வட்ட வட்டத் துண்டுகள் இருப்பதைப் பார்த்து எதிர்வீட்டார் அது என்ன சாமி படமா என்று கேட்டார்கள். அப்பா புதுப்பேட்டைக்குப் போய் ஒரு பழைய பேட்டரியும், பஸ் டிரைவர் தலைக்கு மேல் சுற்றுமே அந்த மாதிரிக் குட்டி ஃபேன் ஒன்றும் வாங்கி வந்து, மொட்டை மாடியிலிருந்து ஒயர் இழுத்து மாட்டிவிட்டார். வெயில் ஏறியதும் ஃபேன் சுற்ற ஆரம்பித்தது. கரண்ட் இல்லாத நேரம் வேறு. அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். கண் கலங்கியிருந்தது. உனக்குத் தெரியும், முப்பது வருஷம் தி.நகர் கடையில் ஃபேனும் பல்பும் விற்றவர். இந்தக் கரண்ட் கட்டு வந்ததிலிருந்து வழியில் பார்க்கிறவர்கள் எல்லாம், நீர் விற்ற ஃபேன் ஓடவில்லையே என்று கேலி பண்ணிக்கொண்டிருந்தார்கள். கடையை மாணிக்கத்திடம் விட்ட பிறகு அவருக்கென்று ஒரு வேலை இல்லாமலும் இருந்தது. அன்றைக்கு என்னிடம், "வடிவு, நீ பாத்துக்கிட்டே இரு. பாரதி இன்னும் கொஞ்சம் தகடு அனுப்புனாள்னா போதும், மெயின் சுவிட்சப் புடுங்கித் தூரப் போட்டுருவேன். இந்த வீடு முழுக்க வெயில்லயே ஓடும்" என்றார். கடைத்தெருவில், கோயிலில், பால் பூத்தில் எல்லாம் இதே பேச்சுதான்.

ஆனால் ஒரு சங்கடம். நம் வீட்டுக்குக் கிழக்கே சுந்தரராமன் சார் வீட்டு வாதாம் மரம் இருக்கிறதே, அதன் நிழல் காலையில் பாதிப் பொழுது நம் மாடியில்தான் கிடக்கிறது. தகட்டில் ஒரு வட்டத்தின் மேல் ஓர் இலை நிழல் விழுந்தால்கூடப் போதும், மொத்தத் தகடும் சோர்ந்துபோய், பழைய பேட்டரியும் தாங்காமல் ஃபேன் நின்றுவிடுகிறது. அப்பா தகட்டை இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் தூக்கித் தூக்கி வைத்துப் பார்த்தார். கடைசியில் ஒருநாள் எலியட்ஸ் பீச்சுக்கு இருவரும் நடந்து போகும்போது, மேற்குப் பக்கத்துக் கிளைகளை வெட்டிக்கொடும் என்று கேட்டுவிட்டார். சுந்தரராமன் சார், "சுயம்புலிங்கம், வேற எது வேணும்னாலும் கேளும். அந்த மரத்துல மட்டும் கை வைக்கச் சொல்லாதேயும்" என்றாராம். அதற்கு மேல் காரணம் ஒன்றும் சொல்லவில்லை. அப்பாவுக்குச் சுருக்கென்று வந்துவிட்டது. பதினோரு வருஷச் சிநேகிதத்தைவிட ஒரு மரம் பெரிதாகப் போயிற்றா என்று கேட்டுவிட்டுத் தனியாக வீட்டுக்கு வந்துவிட்டார். அன்றோடு இருவரும் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். அவர் வாசலில் நின்றால் இவர் உள்ளே வருவார், இவர் பேப்பரை எடுத்தால் அவர் கதவைச் சாத்துவார். எனக்கு நடுவில் இருந்து பார்க்கச் சகிக்கவில்லை.

சுந்தரராமன் சார் சம்சாரம் விசாலம் மாமியை உனக்கு நினைவிருக்கும், நீ கிளம்பும்போது குங்குமம் வைத்து அனுப்பினவர். பொங்கலுக்குப் பிறகு அவருக்கு வலப்பக்கம் இழுத்துக்கொண்டு படுக்கையாகிவிட்டார் என்று எழுதியிருந்தேன். அவர் படுத்திருப்பது மேற்குப் பக்கத்து அறையில், அந்த மரத்தை ஒட்டிய ஜன்னலோரம். நான் தினமும் போய்த் தலை வாரிவிட்டு வருவேன். மரம் எதற்கு வேண்டும் என்பது எனக்குத் தெரியும், அப்பாவிடம் சொல்லியும் பார்த்தேன். நான் சொல்வது காதில் ஏறவில்லை, ஒரு கிளை போனால் என்ன ஆகிவிடும் என்றார். பெண்பிள்ளை படுத்திருக்கும் அறை என்று அவர் அந்தப் பக்கமே போனதில்லை. அதனால் போன மாதம் கத்திரி வெயிலில், மத்தியானம் கரண்ட் போன பிறகு, எனக்கு முழங்கால் வலிக்கிறது, இந்த மோரை நீங்களே மாமியிடம் கொடுத்துவிட்டு வாருங்கள் என்று தூக்குப் பாத்திரத்தை அவர் கையில் திணித்தேன். முழங்கால் வலி பொய்தான். முனகிக்கொண்டே போனார்.

போனவர் வெகுநேரம் திரும்பவில்லை. வந்து சாப்பிடாமல் உட்கார்ந்துவிட்டு அப்புறம்தான் சொன்னார். வெளியே தரையில் கால் வைக்க முடியவில்லையாம், அந்த அறைக்குள் மட்டும் மர நிழலில் குளத்தோரம் மாதிரி இருந்ததாம். சுந்தரராமன் சார் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து பனையோலை விசிறியால் விசிறிக்கொண்டிருந்தாராம், இவரைப் பார்த்ததும் எழுந்துகொண்டாராம். மாமிதான் வாய் குழறக் குழற, "வாங்கோ அண்ணா, ஜன்னலண்ட உக்காருங்கோ, அங்கதான் காத்து வர்றது" என்றாராம். புரண்டு படுக்க முடியாத மனுஷி நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருப்பது அந்த இலைகளைத்தானாம். "மூணு மாசமா அவரு கை ஓயாம வீசிக்கிட்டு இருக்காரு வடிவு, தோளு ஒரு பக்கம் எறங்கிப் போச்சு. நான் மரத்த வெட்டுன்னு நின்னிருக்கேன்" என்றார்.

மறுநாள் காலையில் என்ன நடந்தது தெரியுமா, சுந்தரராமன் சார் மரம் வெட்டுகிற ஆளை அழைத்துக்கொண்டு வந்து நிற்கிறார். சிநேகிதத்தை விட்டுவிட்டுத் தன்னால் இருக்க முடியவில்லை, மேலே இருக்கிற ஒரு கிளை போகட்டும் என்கிறார். அந்த ஆள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, "இன்னா சார், ஏறட்டா வேணாமா, ஒரே பேச்சா சொல்லு" என்று கேட்கிறான். அப்பா பல் தேய்த்துக்கொண்டிருந்த வாயோடு ஓடிப்போய் மரத்தடியில் நின்றுகொண்டு, "ஏறுனே, காலு இருக்காது பாத்துக்க" என்று ஒரு கத்துக் கத்தினார். பிறகு சாரைப் பார்த்து, "வேய், காப்பி குடிக்க வாரும்" என்றார். அவ்வளவுதான் சமாதானம். அந்த ஆளுக்கும் காப்பி கொடுத்து அனுப்பினேன்.

அன்று மத்தியானமே அப்பா குட்டி ஃபேனைக் கழற்றிக்கொண்டு போய் மாமியின் தலைமாட்டில் மாட்டி, கட்டிலோரம் ஒரு சுவிட்சும் வைத்து, மதில் சுவருக்கு மேல் ஒயர் போட்டுவிட்டார். மர நிழல் விலகிய பிறகு சாயங்காலம் வரை தகட்டுக்கு நல்ல வெயில் இருக்கிறது, மாமிக்கும் அந்த நேரத்தில்தான் புழுக்கம். ராத்திரியில் பேட்டரி கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்கும், அப்புறம் பழையபடி விசிறிதான். இந்த வாரம் இரண்டு நாள் மூட்டமாக இருந்து ஃபேன் அசையவே இல்லை, அப்பாவும் சாரும் முறை வைத்து வீசினார்கள். பால் பூத்தில் யாரோ, என்ன அண்ணாச்சி, வீடு முழுக்க வெயிலில் ஓடுகிறதா என்று கேட்டதற்கு, "வீடெல்லாம் ஓடாதுப்பா, ஒரு கட்டிலுக்குக் காத்து வருது" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார். முகத்தில் குறை ஒன்றும் இல்லை.

உன் வேலையைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. முழு வீடும் ஓடுகிற நாள் வரும் என்று நீ எழுதுகிறாய், வரட்டும். அதுவரை இவ்வளவு ஆகிறது என்பதும் உனக்குத் தெரிய வேண்டும் என்றுதான் எழுதினேன். ராக்கண் விழிக்காதே, வாரம் ஒருநாளாவது தலைக்கு எண்ணெய் வை. ஊறுகாய் தீர்ந்திருந்தால் எழுது, மாணிக்கத்தின் சிநேகிதர் ஆடி மாதம் அங்கே வருகிறார். முருகன் உன் கூடவே இருந்து, நினைத்த காரியத்தில் கை கொடுப்பான். இந்தக் கடிதம் கிடைத்ததும் அப்பா பேருக்கே பதில் போடு, மறந்துவிடாதே.

என்றும் உன் நினைவாகவே இருக்கும் அம்மா,
சண்முகவடிவு

பாரதிக்கு அப்பா எழுதுவது. தகட்டில் காக்கை அசுத்தம் பண்ணுகிறது. சோப்புப் போட்டுக் கழுவலாமா, கண்ணாடி கெடுமா? விசாலம் மாமி உன்னைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார். இன்றைக்குத் தானே கையை நீட்டி ஃபேன் சுவிட்சைப் போட்டார். இழுத்துக்கொள்ளாத இடது கைதான். இருந்தாலும் போட்டார்.