குஞ்சு பொரித்த சேதி

ஜூன் 9

அன்புள்ள அக்காவுக்கு,

பத்திரமாக இருக்கிறேன். இதை முதல் வரியிலேயே எழுதாவிட்டால் நீ மீதியைப் படிக்கமாட்டாய். போனைத் தூக்கிப் போட்டுவிட்டேன். போன தடவை நான் தோழி வீட்டில் இருப்பதை என் வீட்டுக்காரர் மோப்பம் பிடித்தது அதை வைத்துத்தான். இனி நமக்குக் கடிதம்தான். உறையில் உள்ள சலவைக்கூட முகவரிக்கே எழுது. மேற்பார்வை பார்க்கும் அம்மா பிரிக்காமல் என் கையில் தந்துவிடுவார். அங்கே ஆஸ்பத்திரி விரிப்புகளை மடித்து அடுக்கும் வேலை. தோள் கழன்றுவிடும்போல இருக்கிறது. மற்றபடி குறையில்லை.

அறை மாடியில். ஒரு ஜன்னல், ஒரு கதவு. கதவுக்கு இன்னொரு தாழ்ப்பாள் நானே வாங்கி அடித்தேன். ஏஞ்சல் மீன் ஜோடியை விட்டுவிட்டு வர மனசு வரவில்லை. தண்ணீர்ப் பையில் கட்டி, வாளிக்குள் இறக்கி, பஸ்ஸில் வழி முழுக்க மடியில் வைத்திருந்தேன். வந்த இடத்தில் அதுகள் என்ன செய்தன தெரியுமா? இங்கே வாங்கிய தொட்டியின் வடிகட்டிக் குழாயில் வரிசையாக முட்டை வைத்துவிட்டன. பெற்றதுகளே தின்றுவிடும் என்று இரண்டையும் ஒரு பிளாஸ்டிக் டப்புக்கு மாற்றினேன். வெளுத்துப்போன முட்டைகளை ஊசியால் எடுத்தெறிந்தேன். மற்றவை பொரித்துச் சில நாள் குழாயில் ஒட்டிக்கொண்டே வாலை ஆட்டின. இப்போது நீந்துகின்றன. கண்ணும் வாலும்தான் தெரிகிறது, உடம்பு என்று ஒன்றும் இல்லை.

ஒரே ஒரு கஷ்டம். காற்று மோட்டார் ஓடினால் படியில் யாராவது ஏறுவது காதில் விழுவதில்லை. நிறுத்திவிட்டுக் கேட்கிறேன். ரொம்ப நேரம் நிறுத்தவும் முடியாது, குஞ்சுகளுக்கு மூச்சு முட்டும்.

அத்தானைக் கேட்டதாகச் சொல். உன் சின்னவளுக்கு என் முத்தம்.

உன்
குட்டி


ஜூன் 17

என் கண்ணு குட்டிக்கு,

ஒரு வார்த்தை சொல்லாமல் போய்விட்டாளே என்று கோபமாகத்தான் இருந்தேன். உன் கையெழுத்தைப் பார்த்ததும் அது போன இடம் தெரியவில்லை. நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? மீன் வயிற்றைப் பார்க்கிறதில் பாதியாவது உன் வயிற்றையும் பார்.

மாப்பிள்ளை ஞாயிற்றுக்கிழமை வந்திருந்தார். ரொம்ப இளைத்துவிட்டார். கொடுத்த டீ ஆறிப்போகும்வரை தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். நீ எங்கே என்று கேட்கவே இல்லை. உயிரோடு இருக்கிறாயா என்று மட்டும் கேட்டார், கண் கலங்கிவிட்டது. எனக்குத் தாங்கவில்லை. நல்லாத்தான் இருக்கிறாள், அவளுடைய மீன்கூடக் குஞ்சு பொரித்திருக்கிறதாம் என்று சொல்லிவிட்டேன். அப்போதுதான் அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. சத்தியமாக வேறொன்றும் சொல்லவில்லை.

மனுஷன் திருந்துவதற்கு ஓர் இடம் கொடுக்க வேண்டாமா என்கிறார் உன் அத்தான். நீயும் யோசித்துப் பார், தங்கம்.

உன்
அக்கா


ஜூன் 23

அக்கா,

மோட்டாரை நிறுத்திவிட்டு எழுதுகிறேன்.

நீ எதைச் சொன்னாய் என்று உனக்குத் தெரியாது. நீந்தத் தொடங்கிய ஏஞ்சல் குஞ்சு தூள் தீனியைத் தொடாது. அசைகிற உயிர்தான் வேண்டும். ஆர்டீமியா என்று கண்ணுக்குத் தெரியாத அளவில் ஓர் இறால் வகை. அதன் முட்டை டப்பாவில் வரும். உப்புத் தண்ணீரில் போட்டுக் காற்றுவிட்டு, தினமும் புதிதாகப் பொரிக்கவைத்துக் கொடுக்க வேண்டும். அதைத் தின்றதும் குஞ்சுகளின் வயிறு ஆரஞ்சு நிறமாகத் தெரியும். அதைப் பார்த்தால்தான் எனக்குத் தூக்கம் வரும். இதை வாங்குகிறவர்கள் ஓர் அலங்கார மீன்கடைக்கு நாலைந்து பேர் இருந்தால் அதிகம். கடைக்காரருக்கு ஒவ்வொரு முகமும் தெரியும். என் வீட்டுக்காரர் எத்தனை முறை என்னோடு கடைக்கு வந்திருக்கிறார்! மருந்துக் கம்பெனி வேலை, ஊர் ஊராகப் போவதுதான் பிழைப்பு. டாக்டரைப் பார்த்துவிட்டுத் திரும்பும் வழியில் மீன்கடையில் ஒரு கேள்வி கேட்பது அவருக்குப் பெரிய காரியமா?

போன வருஷக் குஞ்சுகள் நோய் வந்து செத்ததாக உன்னிடம் சொன்னேன். நோய் இல்லை அக்கா. சாப்பாடு ஆறியிருந்தது என்பதற்காகத் தொட்டியைத் தூக்கிக்கொண்டுபோய்க் கழிவறையில் கொட்டினார். கோபமே படவில்லை. "உன்னைக் கொட்டவும் இவ்வளவு நேரந்தான் ஆகும்" என்று சொல்லிவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தார்.

இனிக் கடைப்பக்கம் போகமாட்டேன். இருக்கிற முட்டை தீர்ந்தால் அவித்த மஞ்சள் கருவைத் துணியில் கட்டித் துளித்துளியாகப் பிழிய வேண்டியதுதான். தண்ணீர் கெட்டுப்போகும். எத்தனை போகுமோ.

குட்டி


ஜூலை 2

என் கண்ணு,

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். ஆனாலும் மறைக்காமல் சொல்கிறேன், பயத்தில் நீ கொஞ்சம் கூட்டிச் சொல்கிறாயோ என்று ஒரு ஓரத்தில் நினைத்தேன்.

நேற்றுச் சாயங்காலம் அவர் மறுபடி வந்தார். சின்னவளுக்கென்று கண்ணாடிக் கிண்ணத்தில் ஒரு தங்கமீன் கொண்டுவந்தார். அவளுக்குத் தலைகால் புரியவில்லை. அவர் அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து மீனுக்கு எப்படித் தீனி போடுவது என்று சொல்லிக்கொடுத்தார். அப்படியே என்னைத் திரும்பிப் பார்த்து, எந்த ஊரில் இருக்கிறாள் என்று கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன். மறுபடியும் கேட்டார். மறுபடியும் அதையே சொன்னேன். சரி என்று தலையாட்டிவிட்டு, கிண்ணத்தை எடுத்து மெல்லச் சாய்த்தார். மீன் தரையில் விழுந்து துள்ளியது. சின்னவள் அலறினாள். அவர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"எவ்வளவு நேரம் தாங்குதுன்னு பாப்போம் அண்ணி."

நான் கையால் அள்ளி, தண்ணீர்க் குடத்தில் போட்டேன். பிழைத்துக்கொண்டது. அவர் செருப்பை மாட்டிக்கொண்டு, டீ நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டுப் போனார். சின்னவள் இன்னும் என் புடவையை விடவில்லை. அத்தானும் இப்போது திருந்துவதைப் பற்றிப் பேசுவதில்லை, வாசலுக்குப் பூட்டு மாற்றிக்கொண்டிருக்கிறார்.

உன் வார்த்தையை நம்பாமல் இருந்தேனே, குட்டி.

அக்கா


ஜூலை 10

அன்புள்ள அக்காவுக்கு,

அவர் இங்கே வந்துவிட்டார்.

என்னைப் பார்க்கவில்லை. மீன்கடைக்காரர் நேற்றுச் சலவைக்கூட வாசலில் வந்து நின்றார்; எங்கே வேலை என்று அவரிடம் முன்பே சொல்லியிருந்தேன். நான் கடைக்கு வராததால் குஞ்சுகள் பட்டினி கிடக்குமே என்று யோசித்திருக்கிறார். ஓர் ஆள் என் படத்தைக் காட்டி, இந்தப் பொண்ணு ஆர்டீமியா முட்டை வாங்க வருதா என்று விசாரித்தாராம்.

"அந்த முட்டையே நான் விக்கிறதில்லன்னு சொல்லிட்டேம்மா. ஆனா பின்னாடி அலமாரியில டப்பா இருந்துச்சு. அதையே பாத்துக்கிட்டு நின்னாரு. அப்புறம் சிரிச்சாரு."

தனியாக அறைக்குப் போகமாட்டேன் என்றேன். கடைக்காரரே ஒரு ஆட்டோ வைத்து என்னை அறைவரை கொண்டுவந்துவிட்டு, டப்பாவையும் கொடுத்துவிட்டுப் போனார். பணம் வாங்கவில்லை.

மஞ்சள் கருவைக் கொடுத்ததில் குஞ்சுகள் பாதிக்குமேல் போய்விட்டன. காலையில் விளக்கைப் போட்டால் அடியில் வெள்ளையாகக் கிடக்கும். மெல்லிய குழாயால் உறிஞ்சி எடுப்பேன், அதே சூட்டில் புதுத் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விடுவேன். மிஞ்சியவற்றுக்குத் துடுப்பு நீண்டு, உடம்பு முக்கோணமாகிவிட்டது. வேறு ஒரு சலவைக்கூடத்தில் மேற்பார்வையாளரம்மா இடம் பார்த்துத் தந்திருக்கிறார். அடுத்த வாரச் சனிக்கிழமை கிளம்புகிறேன். அதுவரை நீ எழுதினால் அந்த அம்மா கொண்டுவந்து தருவார். தனித்தாளில் புது முகவரி வைத்திருக்கிறேன். அது உனக்கு மட்டும்.

உன்
குட்டி


ஜூலை 14

என் குட்டிக்கு,

கடிதம் கிடைத்தது. உள்ளே இருந்த தனித்தாளைப் பிரிக்கவில்லை. மடித்தது மடித்தபடியே அடுப்பில் போட்டுவிட்டேன். எரிந்து முடியும்வரை பக்கத்திலேயே நின்றேன். கை அதை எடுத்துவிடுமோ என்று பயமாக இருந்தது.

கோபப்படாதே. அவர் மறுபடி வருவார். நேற்றுத் தெருமுனையில் அவருடைய கார் நின்றது. உன் அக்கா எப்படிப்பட்டவள் என்று உனக்குத் தெரியும். ஒருவன் அழுதால் இளகிவிடுவேன், சின்னவள் மேல் கை வைத்தால் எதையும் சொல்லிவிடுவேன். தெரிந்தால்தானே சொல்ல முடியும்?

இங்கிருந்து உனக்கு இனிக் கடிதம் வராது. நீயும் எழுதாதே, ஒரு வரிகூட. தபால்காரர் எங்கள் வாசலைத் தாண்டிப் போகிற ஒவ்வொரு நாளும் நீ நன்றாக இருக்கிறாய் என்று எடுத்துக்கொள்கிறேன்.

பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்காராதே. தண்ணீர்ப் பையை வெயிலில் வைக்காதே. இதெல்லாம் உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எழுதுவதை நிறுத்த மனசு வரவில்லை, அவ்வளவுதான்.

போய் வா, கண்ணு.

அக்கா