மூன்றாவது முடிச்சு

என் தனம் அக்காவுக்கு,

ரங்கூனில் உன்னைப் புதைத்தார்களா, எரித்தார்களா? அதைச் சொல்லக்கூட எனக்கு ஆளில்லை. அந்த ஆத்திரத்தோடுதான் எழுதுகிறேன்.

தண்டையார்பேட்டை கிடங்கில் நாம் வேர்க்கடலை பொறுக்கிக்கொண்டிருந்தபோதுதான் அந்தத் தரகன் வந்தான். ரங்கூன் அரிசி ஆலையில் உனக்கு வேலை என்றான். ஆனால் தனியாகப் போகிற பெண்ணைக் கப்பலில் ஏற்றக் கூடாது என்பது சர்க்கார் விதி. பெண்களை யாரும் கடத்திக்கொண்டு போய்விடக் கூடாதாம்!

"அதுக்கு இன்னா இப்போ? சும்மா பேருக்கு நான் ஒரு கவுறு கட்டுறேன். எறங்குனதும் கழட்டிப் போட்டுடு" என்று சிரித்தான்.

அந்தக் கயிற்றை மஞ்சளில் நனைத்தவள் நான். அவனுக்குக் கூடப்பிறந்தவள் யாரும் அங்கே இல்லாததால், நாத்தனார் போட வேண்டிய மூன்றாவது முடிச்சையும் நானே போட்டேன். விளையாட்டுக் கல்யாணம் என்று நாம் சிரித்தோமே, ஞாபகம் இருக்கிறதா? துறைமுகத்தில் வெள்ளைக்காரத் துரை, "உன் புருஷனா?" என்று கேட்டார். நீ தலையாட்டினாய். நீ அவன் பெண்டாட்டி என்று எழுதிய காகிதத்தில் முத்திரை விழுந்தது.

அங்கே அவன் உன்னை விற்ற கதையை, உன்னோடு அடைபட்டிருந்து தப்பி வந்த ஒருத்தி சொன்னாள். போலீஸ் புகுந்து உன்னை மீட்டதாம். மறுநாளே அவன் அந்தக் காகிதத்தை நீட்டினானாம். பெண்டாட்டியைப் புருஷனோடு அனுப்புவதுதானே முறை என்று அவனிடமே ஒப்படைத்துவிட்டார்களாம்! அந்த மழைக்காலம் முடியும் முன் நீ செத்துப்போனாய். உன்னைக் காப்பாற்றவா அக்கா அந்தச் சட்டம், அவன் கையில் பிடித்துக் கொடுக்கவா?

நேற்று ராயபுரத்தில் அவனைப் பார்த்தேன். பக்கத்தில் நெல்லூர்ப் பக்கத்துப் பெண் ஒருத்தி, கழுத்தில் புது மஞ்சள் கயிறு. வாயிலும் வயிற்றிலும் அடித்துக்கொண்டு கத்தி ஊரைக் கூட்டினேன். போலீஸ் அவளைக் கொண்டுபோய் ஒரு விடுதியில் வைத்திருக்கிறது. நாளை கோர்ட்டுக்கு அவன் வருவான், அவளுக்கும் ஒரு காகிதத்தோடு.

ஏட்டு எனக்குப் புத்தி சொன்னார். "இன்னாம்மே, பொய்த் தாலிக்கு முடிச்சு போட்டேன்னு நீயே சொன்னா உன்னியும் உள்ள தள்ளிடுவாங்கோ. வூட்டுல கம்முனு கெட."

கம்மென்று கிடந்துதான் உன்னைத் தொலைத்தேன். அவன் தாலி கட்டும் லட்சணத்தைச் சொல்ல என்னை விட்டால் வேறு சாட்சி இல்லை. நாளை கூண்டில் ஏறுவேன். முடிச்சுப் போட்டவள் நான்தான் என்று சொல்வேன். என்னை ஜெயிலில் போட்டாலும் போடட்டும், அந்தப் பெண்ணை அவனோடு போக விடமாட்டேன்.

உன் கழுத்துக்கு முடிச்சுப் போட்ட தங்கை,
அஞ்சலை