தலப்பிரசவத்துக்கு இங்க வராத, சசி

ஒரகடம்
ஞாயித்துக்கெழம

அன்பு மவ சசிரேகாவுக்கு ஒன் நைனா ரகுபதி எழுதறது. இங்க நானு, ஒங்கம்மா லீலா, கொல்லையில கட்டன ரூம்புல குடி கீற பசங்க எல்லாரும் வல்லக்கோட்டை முருகன் புண்ணியத்துல மூச்சு வுட்டுகினு கீறோம். அங்க பூனாவுல நீயும் மாப்ளையும், ஒன் வயித்துக்குள்ள வாடகை குடுக்காம குடி கீற அந்தப் பெரிய மனுசனோ மனுசியோ, மூணு பேரும் எப்டி கீறீங்கன்னு எழுது. நைனா கையால எழுதி தபால்ல போட்ருக்காரே, இன்னா ஆச்சோன்னு பதறாத. மூணாவது வரைக்கும் படிச்ச படிப்பு வீணாப் போவக் கூடாது பாரு. நெசம் இன்னான்னா போன்ல பேசினா ஒங்கம்மா ஸ்பீக்கர போட்டுகினு பக்கத்துலயே குந்திக்கறா, இந்த விசயம் அவ காதுல வுழக் கூடாது. மாப்ளைக்குப் படிச்சிக் காட்டு. மொதல்ல கொஞ்சம் சிரிப்பாரு. அப்பால சிரிக்க ஒன்னும் இல்ல.

நம்ம கடைசி ரூம்புல பேச்சிராஜ்னு தென்காசிப் பக்கத்துப் பையன் கீறான்ல, கார் கம்பெனில வெல்டிங் பாக்கறவன், அவன் பொண்டாட்டி கவியாவுக்கு பொட்டக் கொழந்த பொறந்துதுன்னு சொன்னனே, அந்தக் கொழந்தய பத்தின சேதி தான் இது. கவியா போன் கம்பெனில கான்ட்ராக்ட்ல கீறா, லீவு முடிஞ்சிது, வரலன்னா வேற ஆள் போட்டுடுவாங்கன்னு லைனுக்குத் திரும்பிட்டா. கொழந்தய நான் பாத்துக்கறேன்னு ஒங்கம்மா வாங்கி மடியில போட்டுகினா. நீ பெத்துப் போடறதுக்கு முன்னால ஒத்திகையாம். நான் சொன்னேன், நீ சசிய வளத்த லட்சணத்தப் பாத்தா இந்த ஒரு ஒத்திகை பத்தாது லீலான்னு. கரண்டி பறந்து வந்துது. பகல்ல கொழந்தைக்கு பவுடர் பாலு. நம்ம போர் தண்ணியத்தான் கலக்கறது, ஆனா ஒங்கம்மா சொம்மா கலக்கறவளா, கஷாயம் கணக்கா பாதியா சுண்டற வரைக்கும் கொதிக்க வெச்சி, வெள்ளத் துணியில வடிகட்டி, ஆற வெச்சித்தான் பவுடரையே தொடுவா. நம்ம தெருவுல எல்லா பொம்மனாட்டிங்களும் அப்டித்தான், எவ்ளோ சுண்டுதோ அவ்ளோ சுத்தம்.

போன மாசம் ஒரு நாள் காலையில பாலக் குடிச்சிட்டு கொழந்த படுத்துகினு இருந்திச்சி. அழல, கால ஒதைக்கல. பாத்தா ஒதடு நாவப்பழம் தின்ன மாரி கீது, நகமெல்லாம் ஊதா. மை எதையாவது தொட்டுச்சோன்னு நான் துண்டால தொடச்சிப் பாத்தேன், போவல. அப்ப ஒங்கம்மா ஒரு சத்தம் போட்டா பாரு, இத்தினி வருசத்துல அந்தத் தொண்டைய நான் கேட்டதில்ல. தூக்கிகினு ரோட்டுக்கு ஓடி சிங்கப்பெருமாள் கோவில் போற ஷேர் ஆட்டோவ மறிச்சேன். உள்ள ஷிப்டுக்குப் போற பசங்க, ஒருத்தன் ஒரு வார்த்த கேக்கல, மொத்த பேரும் எறங்கி வழி வுட்டானுங்க. ஆஸ்பத்திரி போற வரைக்கும் கொழந்த நெஞ்சு மேல கைய வெச்சிகினே போனேன், ஏறுதா எறங்குதான்னு. ஆட்டோ குலுங்கின குலுக்குல ஏறறது அது நெஞ்சா ஆட்டோவான்னு தெரியாம செத்தேன்.

ஆஸ்பத்திரில ரத்தம் எடுத்தாங்க, செகப்பா இல்ல சசி, டிகாஷன் மாரி கீது. டாக்டரம்மா சின்னப் பொண்ணு தான், பாத்த ஒடனே புரிஞ்சிகிச்சி, நீல கலர்ல ஒரு மருந்த ஊசியில ஏத்துனாங்க. நீலமாப் போன கொழந்தைக்கு நீல மருந்தாம்மான்னு கேட்டேன், பயம் வந்தா என் வாயி அப்டித்தான், டாக்டரம்மா மொறச்சிது. கொஞ்ச நேரத்துல கொழந்த செவந்து போயி வீல்னு கத்துச்சி. அப்பால டாக்டரம்மா இன்னா தண்ணி குடுக்கறீங்கன்னு கேட்டுது. ஒங்கம்மா முந்திகினு சொல்றா, போர் தண்ணி தாம்மா, ஆனா பாதியா சுண்டக் காச்சித் தான் குடுப்பேன்னு, சபாஷ் சொல்லும்னு நெனச்சிகினு. அந்தப் பொண்ணு பேனாவ கீழ வெச்சிட்டு மெதுவா சொல்லுது, அம்மா, கிருமி தான் கொதிச்சா சாவும், கொழந்தைய நீலமாக்கினது தண்ணில கீற நைட்ரேட்டு, உப்பு மாரி, தண்ணி ஆவியாப் பூடும் அது அப்டியே நிக்கும், சுண்ட சுண்ட ஜாஸ்தியாத் தான் ஆவும்னு. ஆறு மாசம் ஆவாத கொழந்தைக்கு உசுருக்கே ஆபத்து, மாசமா கீறவங்களும் குடிக்கக் கூடாதுன்னு சொல்லிச்சி. ஒங்கம்மா முந்தானைய வாயில வெச்சி அழுத்திகினா.

கொழந்த பொழச்சி வூட்டுக்கு வந்துட்டுது, பயப்படாத. ஆஸ்பத்திரிலேந்து சேதி போயி நகராட்சி ஆளுங்க மறுநாளே வந்துட்டாங்க. நம்மள நகராட்சில சேத்தப்போ வரி ஏறுமேன்னு அழுதோமே, இப்ப அவங்க ஜீப்பு வந்தா தெருவே பின்னால ஓடுது. வூட்டுக்கு வூடு பாட்டில்ல தண்ணி புடிச்சிகினு போனாங்க, எங்க எங்க மோசமோ அங்கல்லாம் மோட்டார் மேல செகப்பு பெயின்ட் அடிச்சிட்டாங்க. நம்ம மோட்டார் இப்ப குங்குமம் வெச்ச அம்மன் மாரி கீது. கல்யாண மண்டபத்துல கூட்டம் போட்டாங்க. பக்கத்து வூட்டு எல்லப்பன் வேட்டிய மடிச்சிக் கட்டிகினு கம்பெனிக்காரன் தான் விசத்த எறக்கறான்னு கத்தினான், நாங்களும் கூட கத்தினோம். நகராட்சி இஞ்சினியர் எழிலரசன்னு ஒரு தம்பி, பொறுமையா கேட்டுட்டு, கம்பெனி தண்ணியையும் எடுத்துகினு போயி சோதிக்கறோம் பெரியவரே, ஆனா இது கம்பெனி சமாச்சாரம் இல்ல, நம்ம கக்கூஸ் தண்ணின்னாரு. பயிர் வெச்ச நெலத்துல எல்லாரும் வரிசையா ரூம்பு கட்டி வாடகைக்கு வுட்டோமா, ஒவ்வொரு ரூம்பு கக்கூஸ் குழிக்கும் அடியில சிமெண்டு போடாத உறைய எறக்கி வுட்டுட்டு, அதுக்குப் பக்கத்துலயே போர் போட்டோம். மேல போனது கீழ போயி திரும்ப மேல வருது. எல்லப்பா நீ ஒன் சொந்தக் கம்பெனி தண்ணிய தான்டா குடிச்சிகினு இருந்தன்னு நான் சொன்னேன், எல்லாரும் சிரிச்சாங்க.

பாதாள சாக்கடை போடப் போறாங்களாம், பைப்புல நல்ல தண்ணி வருமாம், ரோட்டுல சுண்ணாம்பால கோடு கூட கிழிச்சிட்டாங்க. எப்பம்பா முடியும்னு அந்த இஞ்சினியர் தம்பியக் கேட்டேன். சீக்கிரமா ரெண்டு வருசத்துலன்னாரு. அது வரைக்கும் என் பேரப்புள்ளைய வயித்துலயே இருன்னு சொல்லட்டுமான்னு கேட்டேன். இப்பைக்கு லாரி தண்ணி. செம்பரம்பாக்கம் ஏரித் தண்ணி நம்ம பக்கத்துலேந்து மெட்ராசுக்குப் போவுது, நாம லாரி ஹாரனுக்கு காத கொடுத்துகினு கொடத்தோட நிக்கறோம். ஒரு நாள் வரும், ஒரு நாள் ரோடு தோண்டிட்டாங்க வராது. கேன் வாங்கலாமேன்னு நீ கேப்ப. கேன் போடற செந்தமிழன் அடுத்த தெரு போர்லேந்து தான் புடிச்சி மூடி போட்டுகினு இருந்திருக்கான், அதிகாரிங்க பூட்டிட்டுப் போயிட்டாங்க. இன்னொருத்தன் கேன இன்னான்னு நம்பறது. நம்ம போர் தண்ணிய டம்ளர்ல புடிச்சி வெளிச்சத்துல பாக்கறேன் சசி, பளிங்கு மாரி கீது. நாத்தம் இல்ல, கலங்கல் இல்ல, ருசியா வேற கீது. சாக்கடை மாரி நாறினா கூட இவ்ளோ பயம் வராது.

இப்ப விசயத்துக்கு வரேன். கவியா ஒங்கம்மாவ ஒரு வார்த்த ஏசல. அத்தை, ஒங்களுக்கு எதுக்கு செரமம், எங்கம்மா ஊர்லேருந்து வாராவ, பிள்ளைய அவியளே பாத்துக்கிடுவாவன்னு சிரிச்சிகினே சொல்லிட்டு வாங்கினு போயிட்டா. அவ சொன்னதுல தப்பு இல்ல. அதுலேந்து ஒங்கம்மா கடைசி ரூம்பு பக்கம் போறதில்ல. ஆனா ஒன் விசயத்துல மட்டும் புடிச்ச புடி வுடல, வளைகாப்பு முடிச்சி ஒன்ன இட்டுகினு வரணும், தலப்பிரசவம் தாய் வூட்ல தான், இல்லன்னா சொந்தக்காரங்க வாயில மென்னுடுவாங்கன்னு பழைய பொடவையெல்லாம் கிழிச்சி தொவைச்சி மடிச்சி வெக்கிறா. லாரி தண்ணிலயே எல்லாம் பாத்துக்கறேன், நான் ஜாக்கிரதையா இருப்பேன்றா. நானும் சரி தான்னு இருந்தேன். நேத்து மத்தியானம் அடுப்பங்கரைக்குப் போறேன், போர் தண்ணிய கொதிக்க வெச்சிகினு நிக்கறா. இன்னா லீலான்னேன். அவ குனிஞ்சி பாத்திரத்தப் பாத்தா. கொழாயத் தொறந்தது, அடுப்ப பத்த வெச்சது எதுவும் அவளுக்குத் தெரியல, கை பாட்டுக்கு செஞ்சிருக்குது. தண்ணி பாதியா சுண்டிகினு இருந்துது. அத அப்டியே கொல்லையில ஊத்திட்டு வந்து தரையில குந்தி, என் கைய வெட்டிடுங்கன்னு அழுதா. பூசணிக்காய வெட்டவே பயப்படறவன் நானுன்னு சொல்லித் தேத்தினேன். ஆனா ராத்திரி பூரா எனக்குத் தூக்கம் இல்ல. ஒரே ஒரு பால் பாட்டில் போதும் சசி. எனக்கு இன்னொரு கொழந்தய ஷேர் ஆட்டோல தூக்கினு ஓட தெம்பு இல்ல, அதுவும் ஒன்னோடத.

அதனால வராத. பெத்த பொண்ண தலப்பிரசவத்துக்கு வராதேன்னு எழுதற அப்பன் நானாத் தான் இருப்பேன், இருந்துட்டுப் போறேன். நீ ஒங்கம்மாவுக்குப் போன் பண்ணி, இங்க டாக்டர் பிரயாணம் கூடாதுன்னுட்டாங்க, எனக்குத் தனியா பயமா கீது, நீ வாம்மான்னு கூப்டு. தண்ணி பேச்சே எடுக்காத. எடுத்தா மவளுக்கும் நம்ம மேல நம்பிக்கை இல்லன்னு அங்கயே ஒடஞ்சிடுவா. நீ பயப்படறன்னா ஓடி வருவா, நான் ரயிலேத்தி வுட்டுடறேன். மாப்ள கிட்ட கொஞ்ச நாளைக்குக் காது பத்திரம்னு சொல்லி வெய்யி. ஒங்க அபார்ட்மெண்டுல தண்ணி எங்கேந்து வருது, எவன் சோதிச்சான்னு மாப்ளைய நேர்ல போயி கேக்கச் சொல்லு, வெக்கப்பட வேணாம்.

தாயும் புள்ளையும் வேற வேறயா சொகமா கண்ணு முழிக்கணும், பால் குடிச்ச ஒதடு செகப்பாவே இருக்கணும், நல்லா இருங்க. ஒன்னே ஒன்னு மறக்காத. போன்ல நான் வழக்கம் போல கிண்டல் பண்ணிகினு தான் இருப்பேன், ஒங்கம்மா பக்கத்துல குந்திகினு இருப்பா, எப்ப வர்றன்னு கூட கேப்பேன். அதக் கேட்டுட்டு நைனா தெகிரியமா கீறாருன்னு நெனச்சி டிக்கெட் போட்டுடாத.

இப்படிக்கு
பயந்துகினு கீற ஒன் நைனா
ரகுபதி